திறமைப் பரீட்சையும் தேங்காய் உடைப்பும்

நம் நாட்டு வாலிபர்களில் பெரும்பாலோர், உத்தியோகத்திற்கென்று மனுப் போட்ட நாள் முதல் உத்தரவு கைக்கு வருகிற நாள் வரையில் யார் யாரை நம்புகிறார்கள் என்று கவனித்துப் பார்த்தால், முதலில் ஜோசியனை நம்புகிறார்கள். அடுத்தபடி சாமியை நம்புகிறார்கள். அதற்கும் அடுத்தபடி சிபாரிசுக்காரனை நம்புகிறார்கள். இவ்வளவும் போக மீதி ஏதாவது இருந்தால்தான் தங்கள் கையையும் மூளையையும் நம்புகிறார்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. எழுத்துப் பரீட்சைக்காவது புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். ஆனால் அதற்குப் பின் வருகிற திறமைப் பரீட்சை, அதாவது "செய்வேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாயே, அந்த வேலையை எங்கள் முன்னால் செய்து காட்டு" என்று கேட்கிற பரீட்சை இருக்கிறதே, அந்த விஷயத்தில் மாதக் கணக்காய்ப் படித்துத் தேறியவன்கூட "பத்து நிமிஷக் காரியந்தானே" என்று அலட்சியமாய் இருந்துவிட்டு, கடைசி நாளில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயை உடைத்துவிட்டுப் போய் உட்காருகிறான். தேங்காய் உடைகிறது, கூடவே உத்தியோகமும் உடைந்து போகிறது. வீட்டுக்கு வந்து "எனக்குக் கிரகம் சரியில்லை" என்கிறான்.

"சுயமரியாதைப் பத்திரிகைக்கு டைப் அடிப்பதைப் பற்றியும் அரம் பிடிப்பதைப் பற்றியும் என்ன பேச்சு?" என்று சிலர் கேட்கக்கூடும். இருக்கிறது. வேலைக்கு ஆள் எடுக்கிற முறைகளில் பிறப்புக்கும், சிபாரிசுக்கும், நெற்றிக் குறிக்கும் மிகக் குறைந்த இடமுள்ளது இந்தத் திறமைப் பரீட்சைதான் என்பது நமது அபிப்பிராயம். அதைத்தான் நம் வாலிபர்கள் கை நழுவ விடுகிறார்கள். ஆகவேதான் எழுதுகிறோம்.

முதலில், வாய்ப் பேச்சில் ஆளை நிறுக்கிற "நேர்முகப் பேட்டி" என்பது எப்படிப்பட்டது என்பதைப் பார்ப்போம். 1980ஆம் ஆண்டு நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அஜய் ஹாசியா வழக்கில் ஒரு தீர்ப்புச் சொல்லிற்று. அது வேலைக்கு எடுத்ததைப் பற்றியதல்ல. ஸ்ரீநகரில் ஒரு எஞ்சினீயரிங் கல்லூரியில் பிள்ளைகளைச் சேர்த்ததைப் பற்றியது. ஆனாலும் பேட்டியின் யோக்கியதையைத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. அங்கே எழுத்துப் பரீட்சைக்கு 100 மார்க்கு, வாய்ப் பேட்டிக்கு 50 மார்க்கு. ஆள் ஒன்றுக்குச் சராசரி இரண்டு அல்லது மூன்று நிமிஷந்தான் பேட்டி. அதிலும் கேட்டது பெரும்பாலும் என்னவென்றால், தகப்பன் யார், ஊர் எது என்பதுதான்! மொத்த மார்க்கில் மூன்றில் ஒரு பங்கைப் பேட்டிக்கு ஒதுக்குவது நியாயமற்றது என்றும், 15 சதவிகிதத்திற்கு மேல் போகக் கூடாது என்றும் கோர்ட்டார் சொன்னார்கள். தகப்பன் பெயரைக் கேட்டால் எஞ்சினீயரிங் தெரியுமா தெரியாதா என்பது எப்படி விளங்கும் என்று கேட்கின்றோம். எஞ்சினீயரிங் விளங்காது, ஆனால் வேறொன்று நன்றாய் விளங்கும். அது என்ன என்பது நம் வாசகர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பேட்டி வரைக்கும்கூடப் போக வேண்டாம். மனுவில் உள்ள பெயரே போதும். 2007இல் சுகதேவ் தோரட், பால் அட்டிவெல் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். பத்திரிகையில் வந்த தனியார் கம்பெனி விளம்பரங்களுக்கு ஒரே படிப்பு, ஒரே தகுதி காட்டி மனுக்கள் அனுப்பப்பட்டன. பெயர் மாத்திரம் வேறு. ஒன்று மேல்ஜாதிப் பெயர், ஒன்று தாழ்த்தப்பட்டவர் பெயர், ஒன்று முஸ்லிம் பெயர். மேல்ஜாதிப் பெயரோடு ஒப்பிட்டால், அழைப்பு வருகிற வாய்ப்பு தாழ்த்தப்பட்டவர் பெயருக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகவும், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தது. மனுவைப் படித்தவர்கள் எல்லாரும் படித்த கனவான்கள்தான். "நாங்கள் தகுதியைத்தான் பார்க்கிறோம், ஜாதியைப் பார்ப்பதில்லை" என்று சத்தியம் செய்யக்கூடியவர்கள்தான். அப்படியானால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்தா வந்தது?

இந்த அக்கிரமங்களுக்கெல்லாம் ஒரு ஓரத்திலாவது அடைப்பு விழுந்திருக்கிறது. மத்திய சர்க்காரில் 2016ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி முதல், குரூப் சி வேலைகளுக்கும், கெஜட்டில் சேராத குரூப் பி வேலைகளுக்கும் பேட்டி என்பதை எடுத்துவிட்டார்கள். ஆனால் திறமைப் பரீட்சையை எடுக்கவில்லை. அது பேட்டி அல்ல, வேறு என்று சொல்லி வைத்துக்கொண்டார்கள். அதற்கு மார்க்குக் கிடையாது. தேறினானா இல்லையா என்பது மாத்திரந்தான். மார்க்குக் கிடையாது என்றதும் நம் பிள்ளைகள் "அப்படியானால் பரவாயில்லை" என்று நினைத்துவிடுகிறார்கள். இதைவிட முட்டாள்தனம் வேறில்லை. தேறாவிட்டால் எழுத்துப் பரீட்சையில் வாங்கிய மார்க்கு அத்தனையும் கழுவிக் கவிழ்த்த பானைதான்.

சரி, அந்தப் பரீட்சையில் என்ன கேட்கிறார்கள்? ஸ்டாப் செலக்ஷன் கமிஷன் குமாஸ்தா வேலைக்கு வைக்கிற டைப் பரீட்சையையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷில் நிமிஷத்துக்கு 35 வார்த்தை வேகம் வேண்டும். ஒரு வார்த்தைக்கு ஐந்து தட்டு என்று கணக்கு. ஆகவே நிமிஷத்துக்கு 175 தட்டு. மணிக்கு 10,500 தட்டு. பத்து நிமிஷத்துக்கு 1,750 தட்டு. டேட்டா என்ட்ரி என்பதற்கு மணிக்கு 8,000 தட்டு வீதம் பதினைந்து நிமிஷத்தில் 2,000 தட்டு. ஸ்டெனோகிராபர் கிரேடு டி வேலைக்குப் பத்து நிமிஷம் நிமிஷத்துக்கு 80 வார்த்தை வேகத்தில் சொல்லுவார்கள். கிரேடு சி வேலைக்கு 100 வார்த்தை. நம் ஊர்களில் "லோயர்", "ஹையர்" என்று சொல்லுகிறோமே, அந்த இங்கிலீஷ் டைப்பில் லோயருக்கு நிமிஷம் 30 வார்த்தை, ஹையருக்கு 45 வார்த்தை. இதில் எங்கேயாவது கோத்திரத்திற்கு இத்தனை தட்டு, நட்சத்திரத்திற்கு இத்தனை தட்டு என்று தள்ளுபடி இருக்கிறதா? எண்ணுகிறது யந்திரம். அதற்கு அடித்தவன் அக்கிரகாரத்திலிருந்து வந்தானா, சேரியிலிருந்து வந்தானா என்பது தெரியவே தெரியாது.

இப்போது ராகு காலத்தைப் பார்ப்போம். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம் என்கிறான் ஜோசியன். அந்த நேரத்தில் ஒரு ஹாலில் நூறு பேர் உட்கார்ந்து ஒரே பாராவை அடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராகு என்று ஒன்று இருந்து அதற்குக் கெடுக்கிற சக்தியும் இருக்குமானால் நூறு பேரும் தோற்றாக வேண்டும். ஆனால் சிலர் தேறுகிறார்கள், சிலர் தோற்கிறார்கள். ஒரே ஹால், ஒரே நேரம், ஒரே ராகு, ஒரே பாரா. வித்தியாசம் எங்கே என்றால் விரலில்தான் இருக்கிறது! ஆறு மாதம் பழகின விரல் ராகு காலத்திலும் அடிக்கிறது; பழகாத விரல் குரு ஓரையிலும் தடுமாறுகிறது. இதைப் புரிந்துகொள்ள வேதாந்தம் படிக்க வேண்டுமா?

ஆயுத பூஜையன்று டைப் மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறோமே, அந்த மிஷின் யாரால் வந்தது? அமெரிக்காவில் ஷோல்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் 1868இல் அதற்குப் பேட்டண்டு வாங்கினார்கள். 1874இல் ரெமிங்டன் கம்பெனி கடைக்குக் கொண்டு வந்தது. தமிழ் எழுத்துகளை அந்த மிஷினுக்குள் அடக்கிக் கொடுத்தவர் யாழ்ப்பாணத்து முத்தையா என்ற ஒரு மனிதர். இவர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள், செய்தார்கள், சரியில்லை என்று கலைத்தார்கள், மறுபடியும் செய்தார்கள். நாமோ மூளையைச் செலவழித்தவனை மறந்துவிட்டு, மூளையே இல்லாத இரும்புக்குப் பொட்டு வைக்கிறோம். பொட்டு வைக்கிற நேரத்தில் ஒரு பக்கம் அடித்துப் பழகியிருந்தால் அதுவாவது மிச்சம்.

பின் என்னதான் செய்ய வேண்டும் என்றால், விஷயம் மிகச் சாதாரணமானது.

முதலாவது, அறிவிப்பை முழுதும் படிக்க வேண்டும். என்ன வேலை செய்து காட்டச் சொல்லுகிறார்கள், எத்தனை நிமிஷம், எந்தப் பாஷை, எந்த விசைப்பலகை, பிழைக்கு எப்படிக் கழிக்கிறார்கள் என்பவற்றை ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். தமிழுக்குப் பழைய டைப் மிஷின் வரிசை ஒன்று, 1999இல் தமிழ்நாட்டு சர்க்கார் ஒப்புக்கொண்ட "தமிழ் 99" வரிசை ஒன்று. ஒன்றில் பழகிவிட்டு இன்னொன்றில் போய் உட்கார்ந்தால் எழுத்து எங்கே இருக்கிறதென்று தேடுவதிலேயே நேரம் போய்விடும். செல்போனில் இரண்டு கட்டைவிரலால் வேகமாய்த் தட்டுகிறவன், தனக்கு டைப் வரும் என்று எண்ணி ஏமாறக் கூடாது. அது வேறு பழக்கம், இது வேறு பழக்கம்.

இரண்டாவது, தினம் பழக வேண்டும். கடைசி வாரத்தில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் மாரடிப்பதைவிட, ஆறு மாதத்திற்கு முன்பிருந்தே நாளொன்றுக்கு அரைமணி முக்கால்மணி பழகுவது கையில் நிற்கும். கண் எதிரே உள்ள காகிதத்தில் இருக்க வேண்டும். விசையைப் பார்க்கக் கூடாது. முதலில் பிழையில்லாமல் அடிக்கப் பழக வேண்டும். வேகம் தானே வரும். பிழையோடு வேகத்தைப் பழகினால் பிழைதான் வேகமாய் வரும்.

மூன்றாவது, கேட்கிற அளவுக்கு மேலே பழகியிருக்க வேண்டும். 35 வார்த்தை கேட்டால் வீட்டில் 45 வார்த்தை வர வேண்டும். ஏனென்றால் பரீட்சை ஹாலில் மிஷின் புதிது, நாற்காலி புதிது, பக்கத்தில் நூறு பேர் அடிக்கிற சத்தம், நெஞ்சில் பயம். இத்தனைக்கும் சேர்த்து ஒரு பத்து வார்த்தையைக் கையிருப்பாக வைத்திருப்பவன் பிழைத்துக்கொள்வான்.

நான்காவது, பரீட்சையைப் போலவே பழக வேண்டும். முன்பின் பார்த்திராத பாராவை யாரையாவது எடுத்துக் கொடுக்கச் சொல்லி, கடிகாரத்தை வைத்து, ஒருவரைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு அடிக்க வேண்டும். முடிந்ததும் எந்த எழுத்தில் எத்தனை பிழை என்று எண்ணி, அந்த எழுத்துகளை மாத்திரம் தனியே பழக வேண்டும். பயம் என்பது பிரார்த்தனையால் போவதில்லை. பயந்த காரியத்தைப் பத்துத் தடவை செய்து பார்த்தால் போய்விடுகிறது.

இது குமாஸ்தா வேலைக்கு மாத்திரம் சொன்னதல்ல. ஐ.டி.ஐ. படித்த பிட்டரைக் கூப்பிட்டு ஒரு இரும்புத் துண்டையும் ஒரு படத்தையும் கொடுத்து, "இந்த அளவுக்கு ராவிக் கொடு" என்பார்கள். படத்தை இரண்டு முறை படித்து, அளவைக் குறித்து, மூலை மட்டம் வைத்துப் பார்த்த பிறகே அரத்தைத் தொட வேண்டும். அதிகம் ராவிய இரும்பை எந்தத் தெய்வமும் திரும்ப ஒட்ட வைக்காது. வெல்டர் என்றால் கண்ணாடியும் கையுறையும் போடாமல் தொடங்கினாலே பார்க்கிறவன் முகம் சுளிப்பான். ஓட்டுநர் என்றால் வண்டியில் ஏறியதும் கண்ணாடியைச் சரி செய்து பெல்ட்டைப் போடுகிறானா என்பதையே முதலில் பார்ப்பார்கள். திருப்பூரில் தையல் வேலைக்குப் போகிறவர்களை ஓவர்லாக்கிலோ, பேட்லாக்கிலோ உட்கார வைத்துத் தைத்துக் காட்டச் சொன்னால், துணியைப் பிடித்து ஓட்டுகிற விதத்திலேயே பழகின கையா இல்லையா என்பது தெரிந்துபோகும். ஆபீசில் எக்செல் கணக்குப் போடச் சொன்னாலும் அப்படியேதான். ஆகையால் தெரியாததைத் தெரியும் என்று மனுவில் எழுதவே கூடாது. "இது தெரியாது, கற்றுக்கொள்வேன்" என்று சொல்லுவதில் மானக்கேடு ஒன்றுமில்லை. தெரியும் என்று எழுதிவிட்டு எல்லார் முன்னிலையிலும் விழிப்பதில்தான் மானம் போகிறது.

நிற்க, "இந்தத் திறமையெல்லாம் பரம்பரையில் வர வேண்டும், இரத்தத்தில் ஊற வேண்டும்" என்று பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒருவன் பிறக்கும்போதே ஷார்ட்ஹாண்டு எழுதிக்கொண்டு பிறந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. பிட்மன் அந்தச் சுருக்கெழுத்தை வெளியிட்டதே 1837இல்தான். அப்படியிருக்க அது யாருடைய பரம்பரை வித்தை? எந்த ரிஷி சொன்னது? முன்னே பழக இடம் கிடைத்தவன் முன்னே தேறினான். நமக்கு இடம் கொடுக்கவில்லை, நாம் பின்தங்கினோம். இரகசியம் அவ்வளவுதான். "தகுதி, திறமை" என்று ஓயாமல் கூச்சல் போடுகிறவர்கள், அந்தத் திறமையைப் பெயர் தெரியாமல், முகம் தெரியாமல் அளந்து பார்க்கச் சம்மதிக்கட்டும். அமெரிக்காவில் பெரிய இசைக் குழுக்களுக்கு வாத்தியக்காரர்களை எடுக்கும்போது, 1970, 1980 ஆகிய ஆண்டுகளை ஒட்டி நடுவில் திரை கட்டுகிற வழக்கம் பரவிற்று. வாசிக்கிறவர் ஆணா பெண்ணா, வெள்ளையரா கருப்பரா என்பது தெரியாது. நடை சத்தங்கூடக் கேட்காதபடி சில இடங்களில் கம்பளம் விரித்தார்கள். வாசிப்பு மாத்திரந்தான் காதில் விழும். இங்கே திறமை பேசுகிறவர்களில் எத்தனை பேர் அப்படித் திரை கட்டத் தயார் என்று கேட்கின்றோம்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. "கலியாணம் ஆகிற வரைக்கும் சும்மா இருக்கட்டும், டைப்புக்குப் போய்வரட்டும்" என்று அனுப்புகிறீர்கள். வரன் வந்ததும் நடுவில் நிறுத்துகிறீர்கள். பையனுக்கு அரைமணி பழக்கம் வேண்டுமென்றால் வீடே ஓசையடங்கிக் கிடக்கிறது. பெண் உட்கார்ந்தால் "அடுப்பைப் பார், தம்பிக்குச் சோறு போடு" என்று பத்துக் குரல். பிறகு அவள் தோற்றால் "பெண் புத்தி" என்கிறீர்கள். புத்தி தோற்கவில்லை, நீங்கள் திருடிக்கொண்ட அரைமணி தோற்றது. தன் கையால் சம்பாதிக்கிற பெண்ணைப் புருஷன் கை ஓங்கி அடிக்க ஒரு தடவையாவது யோசிப்பான் என்பதை நினைத்தாவது அவளுக்கு அந்த நேரத்தைக் கொடுங்கள்.

வேலை கொடுக்கிறவர்களையும் சும்மா விடுவதற்கில்லை. என்ன பரீட்சை என்பதை முன்கூட்டிச் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் ஒரே வேலை, ஒரே நேரம், ஒரே மாதிரி மிஷின் கொடுக்க வேண்டும். செய்யப் போகிற வேலைக்குச் சம்பந்தமில்லாததைக் கேட்கக் கூடாது. உட்கார்ந்து பொருள் கட்டுகிறவனுக்கு இங்கிலீஷ் பேச்சுப் பரீட்சை எதற்கு? "திறமை பார்க்கிறோம்" என்ற பெயரால் இரண்டு நாள், மூன்று நாள் கம்பெனி வேலையைக் கூலியில்லாமல் வாங்கிக்கொண்டு, "சொல்லி அனுப்புகிறோம்" என்று துரத்துவது பரீட்சையல்ல, வெட்டி வேலை. பண்ணையார் வாங்கினால் வெட்டி, கம்பெனிக்காரன் வாங்கினால் பரீட்சையா? ஒரு மணி இரண்டு மணி நேரத்தில் அளக்க முடியாத கைத்திறமை மிகச் சொற்பம். அதற்கு மேல் கேட்டால், "கூலி உண்டா?" என்று வாலிபர்கள் மரியாதையாகவும் தைரியமாகவும் கேட்க வேண்டும்.

கடைசியாக ஒரு முக்கிய விஷயம். பரீட்சை எல்லாருக்கும் ஒன்று என்பதனால் மாத்திரம் நியாயம் வந்துவிடாது. வீட்டில் கம்ப்யூட்டர் உள்ளவனையும், அதைத் தொட்டே பார்த்திராதவனையும் ஒரே ஹாலில் உட்கார வைத்து "இருவருக்கும் பத்து நிமிஷம்" என்பது, வயிறு நிறைந்தவனையும் மூன்று நாள் பட்டினி கிடந்தவனையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடச் சொல்வது போன்றதாகும். யந்திரத்துக்கு ஜாதி தெரியாது என்பது வாஸ்தவம். ஆனால் யந்திரம் யார் வீட்டில் இருக்கிறது என்பதில் ஜாதி இருக்கிறது, பணம் இருக்கிறது. ஆகையால் பழகுகிற இடத்தைப் பொதுவாக்காமல் பரீட்சையை மாத்திரம் பொதுவாக்குவது பாதி நியாயந்தான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பூட்டி வைத்திருக்கிற கம்ப்யூட்டர் அறையை மாலையில் திறந்துவிடு என்று கேளுங்கள். நூலகத்தில் இரண்டு மிஷின் போடு என்று மனுக் கொடுங்கள். கொடுக்கிற வரையில் காத்திருக்கவும் வேண்டாம். திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வசூல் செய்து, வாணமாய் ஒரு ராத்திரியில் கொளுத்திவிடுகிறோமே, அந்தப் பணத்தில் ஒரு வருஷத்து வசூலைக் கொண்டு பழைய கம்ப்யூட்டர் இரண்டு மூன்று வாங்கி மன்றத்தில் போட்டால், ஊர்ப் பிள்ளைகள் முறை வைத்து வருஷம் முழுதும் பழகலாம். தேறி வேலைக்குப் போனவர் ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுக்கலாம். வாணம் மேலே போய் வெடித்தால் கரிதான் கீழே வரும். இது வருஷா வருஷம் நாலு குடும்பத்துக்குச் சோறாக வரும்.

ஆகவே வாலிபத் தோழர்களே! அடுத்த பரீட்சை அறிவிப்பு வருகிற வரைக்கும் காத்திருக்காதீர்கள். பேட்டியில் உங்கள் தகப்பனாரைக் கேட்பான். பழகின கையிடம் யாரும் தகப்பனைக் கேட்க முடியாது. தேங்காய் வாங்குகிற காசுக்கு ஒரு கட்டுக் காகிதம் வாங்குங்கள். கோவிலைச் சுற்றுகிற அரைமணியில் ஒரு பாரா அடியுங்கள், ஒரு துண்டை ராவுங்கள், ஒரு சட்டையைத் தையுங்கள். இன்று மாலையே தொடங்குங்கள்.